தலைகீழாகும் பெயர்கள்

பேரா மாநிலத்துப் பால்மரத் தோட்டங்களில், பொழுது விடியுமுன்னே பெரட்டுக் களத்தில் ஆட்கள் கூடி நிற்பர். கிராணியார் செக்ரோல் புத்தகத்தை விரித்துப் பெயர் கூப்பிடுவார். அப்புத்தகத்தில் இருந்த பெயர், பெற்றோர் வைத்த பெயராகத்தான் இருக்க வேண்டும் என்னும் கட்டாயம் எதுவும் இல்லை. கிராணியார் காதில் விழுந்த ஒலி அவர் கற்ற ஆங்கில எழுத்தில் எவ்வாறு வந்து அமர்ந்ததோ அதுவே பெயர். ஒரே முனியாண்டி இரண்டு தோட்டங்களில் இருவேறு முனியாண்டிகளாக எழுதப்பட்டார். உடன்பிறந்தார் இருவரின் தந்தை பெயர் இருவேறு எழுத்துக்கூட்டில் பதிவாயிற்று. 1948ஆம் ஆண்டில் அவசரகாலத்தோடு அடையாள அட்டை வந்தபோது அப்பிழைகளுக்கு அரசாங்க முத்திரையும் கிடைத்தது. பின்னர்க் குடியுரிமைக்கும் பள்ளிச் சேர்க்கைக்கும் சேமநிதிப் பணத்துக்கும், ‘இவரும் அவரும் ஒருவரே’ என்று சத்தியப் பிரமாணம் எழுதி அலைந்த குடும்பங்கள் எத்தனை என்பதைத் தோட்டப்புறத்தார் அறிவர்.

பால்மரங்கள் விழுந்தன. எண்ணெய்ப்பனையும் வீடமைப்பு மனைகளும் அவ்விடத்தைப் பிடித்தன. லயங்களை விட்டுப் புந்தோங்குக்கும் ஈப்போவின் பிற புறநகர்களுக்கும் பெயர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கம்பாரிலும் தஞ்சோங் மாலிமிலும் ஸ்ரீ இஸ்கந்தாரிலும் உள்ள பல்கலைக்கழகங்களில் பயில்கின்றனர், ஆய்வு செய்கின்றனர், அறிவியல் இதழ்களுக்குக் கட்டுரை விடுக்கின்றனர். அங்கே அவர்களுக்காக இன்னொரு கிராணியார் காத்திருக்கிறார். துணைநூற்பட்டியல் விதி என்பது அவர் பெயர்.

அவர் செய்யும் வேலையைச் சற்று நெருங்கிப் பார்த்தல் தகும். மலர்விழி என்றொரு பெண் எனக் கொள்க. தந்தையார் ஆறுமுகம். மலேசிய வழக்கப்படி அவள் பிறப்புப் பத்திரத்தில் ‘மலர்விழி அனாக் பெரம்புவான் ஆறுமுகம்’ என்று, அதாவது ஆறுமுகத்தின் மகள் மலர்விழி என்று, எழுதியிருக்கும். மருத்துவ இதழ்கள் பெரும்பாலும் கைக்கொள்ளும் வான்கூவர் முறையோ, குடும்பப்பெயரை முதலில் முழுதாக எழுது, இயற்பெயரைத் தலைப்பெழுத்தாகச் சுருக்கு, புள்ளி வையாதே என்கிறது. இறுதியில் நிற்கும் சொல்லே குடும்பப்பெயர் என்பது அம்முறையைக் கையாள்வோரின் எண்ணம். ஆகவே மலர்விழி ‘ஆறுமுகம் எம்’ ஆகிறாள். ‘அனாக் பெரம்புவான்’ என்பதன் சுருக்கமாகிய ‘ஏ பி’ என்னும் ஈரெழுத்தை அவளுடைய நடுப்பெயர்கள் என்று கருதி, ‘ஆறுமுகம் எம் ஏ பி’ என்று அச்சிடுவோரும் உளர். ‘மகள்’ என்னும் உறவுச்சொல்லே ஒருத்தியின் பெயராகிவிடும் விந்தை இது!

மூன்றாண்டு ஆய்வு செய்தவள் மலர்விழி. உலகம் மேற்கோள் காட்டுவது ஆறுமுகத்தை. அவளுக்கு மிஞ்சியது ஓரெழுத்து.

“இது ஒரு பெரிய செய்தியா? இதழ் கேட்கும் வடிவத்தில் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதானே. காற்புள்ளிக்கும் முற்றுப்புள்ளிக்குமா போராட்டம்?” என்று கேட்போர் கல்வியாளரிடையே நிறைய உண்டு. மாணவரின் பட்டியலில் தமிழ்ப் பெயர் இயல்பான வரிசையில் நின்றால் அதைச் சிவப்பு மையால் சுழித்து மதிப்பெண் குறைக்கும் ஆசிரியர்களும் உண்டு. அவர்களுள் தமிழரும் அடங்குவர் என்பதே வேதனை. காற்புள்ளி எங்கே விழ வேண்டும் என்பதை இதழ் முடிவு செய்யட்டும். ஆண்டைக் கட்டுரைத் தலைப்புக்கு முன்னே வைப்பதா, பின்னே வைப்பதா என்பதையும் அதுவே முடிவு செய்யட்டும். அவை வடிவம். ஒருத்தியின் பெயர் எது என்பது வடிவம் அன்று; அது செய்தி. செய்தியைப் பிழையாகப் பதிவதற்கு எந்த வடிவத்துக்கும் உரிமை இல்லை.

இதன் கனத்தை உணர, விண்ணியல் அறிஞர் சந்திரசேகரை எண்ணிப் பார்க்கலாம். 1930ஆம் ஆண்டில் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய அந்த இளைஞர், வழியிலேயே வெண்குறு விண்மீன்களின் பொருண்மைக்கு ஓர் உச்ச அளவு உண்டெனக் கணக்கிட்டார். அதற்காக மட்டுமன்றி, விண்மீன்களின் அமைப்பும் வளர்ச்சியும் பற்றிய வாழ்நாள் ஆய்வுக்காகவும் 1983இல் அவருக்கு நோபெல் பரிசு கிட்டியது. ‘சந்திரசேகர் எல்லை’ என்று உலகம் அவர் பெயராலேயே அவ்வளவைச் சுட்டுகிறது. அவர் முழுப்பெயர் சுப்பிரமணியன் சந்திரசேகர். சுப்பிரமணியன் என்பது தந்தையார் பெயர். தந்தை பெயரை முன்னே வைத்துத் தன் பெயரைப் பின்னே வைக்கும் பழந்தமிழ்நாட்டு வழக்கத்தால், மேலைநாட்டு விதி இறுதிச் சொல்லைப் பற்றி இழுத்தபோது கையில் அகப்பட்டது அவருடைய சொந்தப் பெயர். இது தற்செயல். அவரே பேராவில் ஒரு தோட்டத்தில் பிறந்து, ‘சந்திரசேகர் அனாக் லெலாக்கி சுப்பிரமணியன்’ என்று பதியப்பட்டிருந்தால், இன்று அது ‘சுப்பிரமணியன் எல்லை’ ஆகியிருக்கும். மகன் கண்ட உண்மை தந்தை பெயரில் வானத்தில் தொங்கியிருக்கும்.

இக்குடும்பத்தில் இன்னொரு சுவையும் உண்டு. சந்திரசேகரின் சிற்றப்பா சர் சி. வி. இராமன். அவர் பெயரின் முன்னே நிற்கும் ‘சி’ அவருடைய தந்தையாராகிய சந்திரசேகர ஐயரைக் குறிப்பது. அந்தப் பாட்டனார் பெயரே பெயரனாகிய விண்ணியல் அறிஞருக்கு வைக்கப்பட்டது. தமிழில் மகனின் மகன் ‘பெயரன்’. மகள் வழியிலும் அவ்வாறே. பாட்டன் பெயரைத் தாங்குவதால் அவன் பெயரன். பெயர் ஒரு தலைமுறையைத் தாண்டிச் செல்லும் பண்பாடு இது. தந்தையிடமிருந்து மகனுக்கும் அவன் மகனுக்கும் மாறாது இறங்கும் குடும்பப்பெயர் என்னும் கருத்தே இதில் இல்லை. இல்லாத ஒன்றைக் கேட்டு ஒரு கட்டத்தை வரைந்துவிட்டு, அதை நிரப்பாவிடில் கட்டுரையை ஏற்கமாட்டோம் என்பது எவ்வகை அறிவியல்?

இருந்த ஒன்றையும் தமிழர் தாமே விட்டொழித்தனர் என்பதை இங்கே மறத்தல் கூடாது. பெயருக்குப் பின்னே வால்போல நின்றது சாதிப்பட்டம். 1929இல் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு அப்பட்டங்களைக் களைய வேண்டும் எனத் தீர்மானித்தது. அவ்வாண்டின் இறுதியில் பெரியார் மலாயாவுக்கு வந்து ஈப்போ உள்ளிட்ட ஊர்களில் சொற்பொழிவாற்றினார். பட்டத்தைத் துறந்த பெயர்கள் அதன் பின் தோட்டப்புறத்திலும் பெருகின. இன்று மலேசியத் தமிழருட் பெரும்பாலோர்க்குக் குடும்பப்பெயர் இல்லை என்றால் அது குறைபாடன்று. விலை கொடுத்துப் பெற்ற விடுதலை. படிவத்துக் கட்டத்தை நிரப்புவதற்காகப் பாட்டனார் எறிந்த வாலைத் தேடியெடுத்து ஒட்டிக்கொள்ளும் இளைஞர் சிலரும் இப்போது தோன்றியிருக்கின்றனர். ‘வெளிநாட்டு இதழ்களில் வசதியாக இருக்கும்’ என்பது அவர்கள் கூறும் சமாதானம். ஓர் இதழின் வசதிக்காக ஒரு நூற்றாண்டுப் போராட்டத்தைத் திருப்பியளிக்கும் தாராள மனம்!

“தந்தையின் பெயர் அறிவியல் இதழில் வருவது அவருக்குப் பெருமைதானே? மங்கு துடைத்துப் பால் எடுத்தவர் பெயர் இலண்டனில் அச்சாகிறதே!” என்பது இன்னொரு வாதம். இவ்வாதத்தில் ஈரம் இருக்கிறது. எளிதில் தள்ளிவிட முடியாது. அதிகாலை இருளில் நெற்றி விளக்கோடு நிரை நிரையாக மரம் வெட்டிய ஒருவரின் பெயரை, அவர் வாழ்நாளெல்லாம் செக்ரோலுக்கு வெளியே எங்கும் கண்டதில்லை. மகள் அதை அச்சில் காட்டும்போது அவர் கண் கலங்கக்கூடும். ஆயினும் அவரிடமே கேட்டால் என்ன சொல்வார்? மகளின் பெயரைத் தேடுவார். ‘உன் பெயர் எங்கே அம்மா?’ என்பார். தந்தைக்கு நன்றி கூறுவதற்கு நூலில் காணிக்கைப் பக்கம் உண்டு. கட்டுரையில் நன்றியுரை உண்டு. துணைநூற்பட்டியல் நன்றிக்கு உரிய இடமன்று. எதை யார் கண்டார், எப்போது, எங்கே வெளியிட்டார் என்பதைப் பின்வருவோர் தேடிக் கண்டடைய அமைத்த வழிகாட்டி அது. பிழையான ஊர்ப்பெயர் எழுதிய கைகாட்டி மரத்தால் எவருக்குப் பெருமை?

இவ்விதிகள் வானிலிருந்து இறங்கியவை அல்ல. ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் கட்டுரைக்குள்ளேயே அடைப்புக்குறியில் குறிக்கும் ஆர்வர்டு முறை, 1881இல் எட்வர்டு லாரன்சு மார்க்கு என்னும் விலங்கியலாளர் கையாண்டதிலிருந்து கிளைத்தது என்பர். வான்கூவர் முறையோ 1978இல் கனடாவின் வான்கூவர் நகரில் கூடிய மருத்துவ இதழாசிரியர் சிலரின் உடன்பாடு. வெவ்வேறு இதழ் வெவ்வேறு வடிவம் கேட்டதால் தட்டச்சு செய்து அலுத்தவர்களுக்கு அது பெரும் உதவியே, அதை மறுப்பதற்கில்லை. ஆனால், அங்கே அமர்ந்தவர்கள் தம் ஊர்ப் பெயர்களை மனத்திற்கொண்டு எழுதினர். பிற ஊர்ப் பெயர்களைப் பற்றி நூலகத்தார் அதற்கு முன்பே சிந்தித்து முடித்திருந்தனர் என்பதுதான் இதில் நகைப்புக்கிடமானது.

1961இல் பாரிசு நகரில் நூற்பட்டியற் கொள்கைகளுக்கான அனைத்துலக மாநாடு கூடியது. பல சொற்களாலான ஒருவரின் பெயரில் எச்சொல்லைத் தலைச்சொல்லாகக் கொள்வது என்பதை, இயன்றவரை அவர் குடிமகனாக உள்ள நாட்டின் ஏற்கப்பட்ட வழக்கே முடிவு செய்ய வேண்டும் என்று அங்கே ஒப்பினர். 1978இல், அதாவது வான்கூவரில் இதழாசிரியர் கூடிய அதே ஆண்டில், வெளிவந்த ஆங்கிலோ–அமெரிக்க நூற்பட்டியல் விதிகளின் இரண்டாம் பதிப்பு, குடும்பப்பெயர் இல்லாத தமிழரை அவர்தம் இயற்பெயரின்கீழே பதிக என்று வெளிப்படையாகவே கூறிற்று. இந்திய நூலகவியலின் தந்தை எனப் போற்றப்படும் எஸ். ஆர். இரங்கநாதன் 1934ஆம் ஆண்டிலேயே நூற்பட்டியல் விதிநூல் யாத்தவர். இந்தியப் பெயர்களின் சிக்கலை அவர் நெடிது ஆராய்ந்தார். அவர் பெயரில் ‘எஸ்’ சீர்காழி, ‘ஆர்’ தந்தையார் இராமாமிர்தம். ஊரையும் தந்தையையும் முன்னே நிறுத்தித் தம் பெயரால் அறியப்பட்டவர் அவர். நூலகத்தார் அறிந்த உண்மை, அதே கட்டடத்தின் மாடியில் இருக்கும் ஆய்வுத்துறைக்கு இன்னும் படியேறிச் செல்லவில்லை.

மலேசியாவுக்குள்ளேயே பாருங்கள். மலாய் மொழி ஆய்வுகளின் துணைநூற்பட்டியல்களில் மலாய்க்காரர் பெயர்கள் இயல்பான வரிசையிலேயே நிற்கின்றன. சையது உசேன் அலாத்தாசு ‘சையது’ என்று தொடங்கும் இடத்திலேயே இருக்கிறார். எவரும் அவரைப் பின்முன்னாக்குவதில்லை. கம்பாரில் பிறந்த வரலாற்றறிஞர் கூ கே கிம்மின் பெயரில் குடும்பப்பெயர் முதலிலேயே நிற்பதால் அங்கும் சிக்கல் இல்லை. மலாய்க்காரர் பெயரும் தமிழர் பெயரும் அமைப்பில் ஒன்றே. ‘பின்’ நிற்குமிடத்தில் ‘அனாக் லெலாக்கி’ நிற்கிறது, அவ்வளவே. அவர்கள் தம் வழக்கை வலியுறுத்தி நிலைநாட்டினர். தமிழர் வலியுறுத்தவில்லை. மாணவர் கேட்பதில்லை, ஆசிரியர் சொல்வதில்லை, அமைப்புகள் இதை ஒரு பொருளாகவே கருதுவதில்லை.

கருத வேண்டிய காரணம் உண்டு. 1964இல் யூசின் கார்பீல்டு அறிவியல் மேற்கோள் அட்டவணையை வெளியிடத் தொடங்கியது முதல், யாரை எவர் எத்தனை முறை மேற்கோள் காட்டினார் என்பது எண்ணப்படுகிறது. 2005இல் இயற்பியலாளர் இர்சு வகுத்த அளவு, ஓர் ஆய்வாளரின் வாழ்நாள் உழைப்பை ஒரே எண்ணாகச் சுருக்கியது. அவ்வெண்ணைப் பார்த்தே பதவியும் உதவித்தொகையும் வழங்கும் இடங்கள் உள்ளன. மலர்விழியின் முதற்கட்டுரை ‘ஆறுமுகம்’ என்றும், இரண்டாவது ‘மலர்விழி’ என்றும், மூன்றாவது ‘ஏ பி ஆறுமுகம்’ என்றும் பதிவானால், எண்ணும் பொறிக்கு அவள் மூன்று பேர். பெயரில்லாத மூன்று சிறிய ஆய்வாளர்கள். அவள் அண்ணனும் ஆய்வாளன் ஆனால் அவனும் ஆறுமுகமே. பாட்டனார் இரண்டு தோட்டங்களில் இரண்டு முனியாண்டிகளாக இருந்த கதை, பெயர்த்தியின் காலத்தில் கணிப்பொறியில் திரும்ப நடக்கிறது. (ஆறு பேருக்கு மேற்பட்டோர் சேர்ந்தெழுதிய கட்டுரையில் ஏழாமவர் முதலானோர் ‘மற்றும் பிறர்’ ஆகிவிடுவர் என்பது இவ்விதியின் இன்னொரு கருணை. உதவியாளர்கள் பெரும்பாலும் எந்த இடத்தில் நிற்பர் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.)

பழைய தோட்டங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர்க்கு இவ்விதி இன்னொரு கதவையும் சாத்துகிறது. அமெரிக்க உளவியற் கழகத்தின் முறை சமூக ஆய்வுகளிலும் பெரிதும் வழங்குகிறது. அதன்படி ஏட்டிலோ நாடாவிலோ ஏறாத நேர்ப்பேச்சு ‘தனிமுறைத் தொடர்பு’. அதைக் கட்டுரையின் உடலில் குறிக்கலாம். இறுதிப் பட்டியலில் சேர்க்கலாகாது. துரையின் ஆண்டறிக்கை பட்டியலில் ஏறும். அந்தத் துரையின் கீழ் நாற்பது ஆண்டு மரம் வெட்டிய மூதாட்டி லயத்துத் திண்ணையில் அமர்ந்து சொன்னது ஏறாது. 2019இல் வந்த அம்முறையின் ஏழாம் பதிப்பு, பூர்வகுடியினரின் வாய்மொழி மரபைச் சொன்னவரின் முழுப்பெயரோடும் இனத்தோடும் ஊரோடும் குறிக்க வழிசெய்தது. குரல் எழுப்பியதால் விதி நெகிழ்ந்தது. தோட்டத்து மூதாட்டியின் பேச்சை ஒலிப்பதிவு செய்து ஒரு நூலகத்தில் வைத்துவிட்டாலோ, விதி நெகிழவே வேண்டாம். அவர் தம் பெயராலேயே பட்டியலில் ஏறுவார். அதைச் செய்யாமல் விதியை மட்டும் நொந்துகொள்வது ஆய்வாளரின் சோம்பல்.

சோம்பல் என்றவுடன், தமிழ் எழுதுவோர் தம் வீட்டையும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பிறர் தம் பெயரைத் திரித்து எழுதுகின்றனர் என்று முறையிடும் தமிழ்க் கட்டுரைகளிலேயே, ‘அறிஞர் ஒருவர் கூறியதுபோல’ என்று வரும். எந்த அறிஞர்? எந்த நூல்? ‘ஆய்வுகள் தெரிவிக்கின்றன’ என்று வரும். யார் செய்த ஆய்வு? மலர்களிலும் மாநாட்டுத் தொகுப்புகளிலும் பக்கம் பக்கமாகப் பிறர் உழைப்பு பெயரின்றி எடுத்தாளப்படுகிறது. மேலைநாட்டு இதழ் மலர்விழியின் பெயரை ஓரெழுத்தாக்கியது. தமிழ்க் கட்டுரையாளர் அவ்வோரெழுத்தையும் விட்டுவைப்பதில்லை.

மேற்கோள் மரபு தமிழுக்குப் புதிதும் அன்று. சிலப்பதிகாரத்துக்கு உரைகண்ட அடியார்க்கு நல்லார், இசை, நாடகம் பற்றித் தாம் சான்றாகக் கொண்ட நூல்களைப் பெயர் சொல்லிக் குறித்தார். அவற்றுட் பல அழிந்துபோயின. அப்படி நூல்கள் இருந்தன என்பதையே இன்று உலகம் அவ்வுரையால்தான் அறிகிறது. நூலே மறைந்தபின்னும் மேற்கோள் நின்றது! நச்சினார்க்கினியரோ பல இடங்களில் நூற்பெயரைச் சொல்லாது அடிகளை மட்டும் எடுத்தாண்டார். சீவகசிந்தாமணியை 1887இல் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், அவ்வடிகள் எந்நூலைச் சேர்ந்தவை எனக் கண்டறிய ஏடு ஏடாகத் தேடி அலைந்தார். உரையாசிரியர் ஒரு பெயரை எழுதாது விட்டதற்குப் பல நூற்றாண்டுக்குப் பின் வந்த பதிப்பாசிரியர் செலுத்திய கடன் அது. மலேசியத் தமிழிலும் முன்மாதிரி உண்டு. தனிநாயக அடிகள் 1966இல் தமிழியல் நூல்களுக்கான வழிகாட்டியைக் கோலாலம்பூரிலிருந்து வெளியிட்டார். மலேசியா, சிங்கப்பூரில் அச்சான தமிழ் நூல்களையும் இதழ்களையும் இராம. சுப்பையா தொகுத்த பட்டியலை 1969இல் மலாயாப் பல்கலைக்கழக நூலகம் வெளியிட்டது. கணிப்பொறி இல்லாத காலத்தில் அட்டை அட்டையாக எழுதித் திரட்டிய உழைப்பு அது.

இனி ஆய்வாளர் செய்யக்கூடியது என்ன? கட்டுரையை விடுக்கும் படிவத்தில் குடும்பப்பெயர்க் கட்டத்தில் தம் இயற்பெயரை இடலாம். தந்தை பெயரை மற்றக் கட்டத்தில் இடலாம். சந்திரசேகருக்குத் தற்செயலாய் வாய்த்ததைத் தாமே அறிந்து செய்வது அது. எம்முறையைக் கொண்டாலும் முதற்கட்டுரை முதல் இறுதிக்கட்டுரை வரை ஒரே எழுத்துக்கூட்டு வேண்டும். 2012 முதல் வழங்கப்பெறும் ஆர்க்கிட் எண்ணைப் பெற்றுக்கொண்டால் பெயர் சிதறினாலும் கட்டுரைகள் ஒருவரிடமே வந்து சேரும். பிற தமிழரை மேற்கோள் காட்டுகையில், அவர் தம்மை எப்பெயரால் குறித்துக்கொள்கிறார் என்று பார்த்து எழுத வேண்டும். சோட்டேரோ முதலிய மென்பொருள்களில் பெயரைப் பிளக்காது ஒரே கட்டத்தில் இடும் வசதி இருக்கிறது. ஆசிரியர்கள் அந்தச் சிவப்பு மையைக் கீழே வைத்தால் மாணவர் மற்றதைப் பார்த்துக்கொள்வர்.

கட்டுரை ஏற்கப்பட்டபின் இதழகத்திலிருந்து மெய்ப்பு வரும். அதைப் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளுக்குள் திருப்பி அனுப்பச் சொல்வர். படங்களும் அட்டவணைகளும் சரியா என்று பார்ப்பதிலேயே அந்நாட்கள் கழிந்துவிடும். மெய்ப்பின் முதற்பக்கத்தில், தலைப்புக்குக் கீழே, பெயர் இருக்கும். அதே பக்கத்தின் ஓரத்திலோ அடியிலோ, ‘இக்கட்டுரையை மேற்கோள் காட்டும் முறை’ என்று சிறிய எழுத்தில் ஒரு வரியும் பல இதழ்களில் இருக்கும். முதலில் திருத்த வேண்டியது அந்த வரியை.